வயிற்று மாத்திரையும் மயக்க மருந்தும்

(பொன்விழாச் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் தரப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்குப் போன் செய்தபோது, "நீயும் ஏதாவது பேசணும்டா, ஆனா யாரையும் பயமுறுத்தாதே" என்று ஒரு நிபந்தனை போட்டார். நான் மயக்க மருந்து டாக்டர். ஆட்களைத் தூங்க வைப்பதுதான் என் தொழில். என் பேச்சைக் கேட்டு யாராவது தூங்கிவிட்டால் அது தொழில் பழக்கம் என்று மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, ஆபரேஷன் தியேட்டரில் தூங்க வைக்கிற ஒவ்வொருவரையும் திரும்ப எழுப்பித்தான் அனுப்ப வேண்டும். இங்கேயும் அப்படியே செய்கிறேன்.

என்ன பேசுவது என்று நேற்று சாயங்காலம் வரை எனக்குத் தெரியாது. ராத்திரி பந்தியில்தான் தலைப்பு கிடைத்தது. வாழை இலையில் பாயசம் வரை ஒரு கை பார்த்துவிட்டு எல்லோரும் எழுந்தோம். கை கழுவுகிற இடத்தில் ஒரு காட்சி. நம் நண்பர்கள் வரிசையாகச் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கிறார்கள். ஒருவரிடம் வெள்ளை மாத்திரை, ஒருவரிடம் காப்ஸ்யூல், ஒருவரிடம் ரோஸ் கலரில் பாட்டில் மருந்து. ஒருவர் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "டேய், என்னோடது ரூம்ல இருக்கு, உன்கிட்ட ஒண்ணு குடுடா" என்று கை நீட்டுகிறார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் இதே ஆள் இதே மாதிரி கை நீட்டி லாகரிதம் புத்தகம் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அன்று கடன் கேட்டது லாக் டேபிள், இன்று கேட்பது அசிடிட்டி மாத்திரை. வித்தியாசம் அவ்வளவுதான்!

அந்தக் கூட்டத்தில் ஒரு நண்பருக்கு அடுத்த மாதம் முழங்கால் மாற்று ஆபரேஷன். இன்னொருவருக்குப் பித்தப்பைக் கல்லுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். "இந்த மாத்திரையை டாக்டர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இதையெல்லாமா சொல்லுவாங்க? இது வெறும் வயித்து மாத்திரைதானே!"

இந்த வாக்கியத்தை நான் 1986-இல் ஒரு முறை கேட்டிருக்கிறேன். கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பாடம்.

பியூரெட்டில் இருந்த அதே அமிலம்

நம் கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டோமே, நினைவிருக்கிறதா? ஒரு சொட்டு கூடிவிட்டால் ரோஸ் நிறம் பட்டென்று மறைந்துவிடும். சார் பின்னால் வந்து நின்றுகொண்டு, "மறுபடியும் முதல்ல இருந்து" என்பார். அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் நம் இரைப்பையிலும் சுரக்கிறது. வெறும் வயிற்றில் அதன் பி.எச். 1-க்கும் 2-க்கும் பக்கத்தில் இருக்கும். இரைப்பையின் உள்சுவர் அதைத் தாங்கும்படி அமைந்திருக்கிறது. நுரையீரல் அப்படி அமையவில்லை.

விழித்திருக்கும்போது நமக்குப் புளித்த ஏப்பம் வந்தால் தொண்டையில் எரிச்சலோடு நின்றுவிடும். இருமுவோம், விழுங்குவோம், தண்ணீர் குடிப்போம். மயக்கத்தில் இருப்பவருக்கு இருமலும் கிடையாது, விழுங்கலும் கிடையாது. மேலே வந்த அமிலம் நேராக மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். 1946-இல் நியூயார்க்கைச் சேர்ந்த கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதினார். 1932 முதல் 1945 வரை அவருடைய மருத்துவமனைக்கு வந்த 44,016 கர்ப்பிணிகளில் 66 பேருக்கு மயக்கத்தின்போது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குப் போயிருந்தது. சாப்பிட்ட திட உணவு மூச்சுக்குழாயை அடைத்ததில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். திரவம் போனவர்களுக்கு ஆஸ்துமா மாதிரி இழுப்பு, உடம்பு நீலம் பாய்வது. மெண்டல்சன் முயல்களை வைத்துச் சோதித்தார். அமிலம் போன முயலுக்கு இதே கோளாறு வந்தது. அமிலத்தைச் சமன் செய்து கொடுத்தால் அந்த அளவுக்கு வரவில்லை. இன்றும் இந்த நோய்க்கு அவர் பெயர்தான்.

ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடுவது இதற்காகத்தான். "ஒரு வாய் காப்பிதானே டாக்டர்" என்று கெஞ்சுகிறவர்களிடம் நாங்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருப்பதும் இதற்காகத்தான். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தை நாங்களே சிலருக்கு முதல் நாள் ராத்திரியும் அன்று காலையும் கொடுக்கிறோமே, அதுவும் இதற்காகத்தான். ஆக, வயிற்று மாத்திரை எங்களுக்கு எதிரி இல்லை. பல நேரங்களில் அது எங்களுடைய காவல்காரன். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான் பேசி முடித்ததும் எல்லோரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

இந்தக் காவல்காரனைக் கண்டுபிடித்ததில் முக்கியமானவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். அமிலம் சுரக்கச் சொல்லி வயிற்றுக்கு ஹிஸ்டமின் கொடுக்கும் உத்தரவைத் தடுக்கும் மருந்தை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். சிமெட்டிடின் என்ற அந்த மாத்திரை 1976-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அல்சர் என்றால் பலருக்கும் வயிற்றைத் திறந்து ஆபரேஷன்தான். நான் மாணவனாக இருந்தபோது அல்சர் ஆபரேஷன் பார்க்காத வாரமே கிடையாது. அதைக் கத்தியிலிருந்து மாத்திரைக்குக் கொண்டுவந்த பெருமை பிளாக்குக்கு உண்டு. 1988-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

வாயுவும் மாத்திரையும் நேருக்கு நேர் மோதுமா?

இப்போது மறுபக்கம். 1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை முகரவைத்து ஒரு நோயாளியை மயக்க, வலியில்லாமல் ஆபரேஷன் நடந்தது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். 1956-இல் ஹாலோத்தேன் வந்தது. நான் தொழில் பழகியது ஈதரிலும் ஹாலோத்தேனிலும். இன்றைய தியேட்டர்களில் ஐசோஃபுளூரேன், சீவோஃபுளூரேன், டெஸ்ஃபுளூரேன். பெயர்கள் மாறினாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். மூச்சு வழியாக உள்ளே போகும். ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். மெஷினில் நிறுத்தியதும் மூச்சு வழியாகவே பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

இந்த "மூச்சு வழியாகவே" என்பதில்தான் நம் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. நாம் விழுங்குகிற பெரும்பாலான மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. அங்கே சைட்டோகுரோம் பி-450 என்ற என்சைம் கூட்டம் இருக்கிறது. நம் ஹாஸ்டல் மெஸ் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கனைக் கிழித்துக் கிழித்து ஆட்களை உள்ளே அனுப்புவாரே, அந்த மாதிரி ஆட்கள்தான் இந்த என்சைம்கள். சிமெட்டிடின் என்ன செய்யும் தெரியுமா? அதன் உடம்பில் இமிடசோல் என்று ஒரு வளையம் உண்டு. அது போய் அந்த என்சைமில் இருக்கும் இரும்பு அணுவைப் பிடித்துக்கொள்ளும். டோக்கன் கிழிக்கிறவர் கையை ஒருத்தன் பிடித்துக்கொண்டு கதை பேசினால் என்ன ஆகும்? பின்னால் வரிசை நீளும். மற்ற மருந்துகள் ரத்தத்தில் தேங்கும்.

மயக்க வாயுவுக்கு அந்தக் கவுண்டரில் அதிக வேலை இல்லை. உள்ளே போன ஹாலோத்தேனில் ஏறக்குறைய 20 சதவீதம் கல்லீரலில் உடைகிறது. சீவோஃபுளூரேனில் 5 சதவீதத்தை ஒட்டி. ஐசோஃபுளூரேனில் 0.2 சதவீதம். டெஸ்ஃபுளூரேனில் 0.02 சதவீதம். மீதியெல்லாம் நெஞ்சுக்கூட்டின் வழியாகவே வந்த வழியே திரும்பிப் போகிறது. ஆகவே அசிடிட்டி மாத்திரை சாப்பிட்டதால் வாயு உடம்பில் தங்கிவிடும், ஆள் எழுந்திருக்க மாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"அப்புறம் எதுக்குடா அரை மணி நேரம் பேசறே?" என்று கேட்பீர்கள். காரணம் இதுதான்: மயக்கம் என்பது வாயு மட்டும் இல்லை. அதைச் சுற்றி ஊசி, மாத்திரை என்று ஏழெட்டு மருந்துகள் நிற்கின்றன. நோயாளி வீட்டிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு வந்த மருந்துகள் வேறு. வயிற்று மாத்திரை வாயுவோடு நேரடியாகச் சண்டை போடுவது அபூர்வம். மூன்றாவது ஆள் ஒருவனைத் தூண்டிவிட்டுத்தான் சண்டை மூட்டும்.

1986-இல் நடந்தது

ஒரு மருத்துவமனை. ஊர் பெயர் வேண்டாம். நான் மயக்கவியல் டிப்ளமா முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிற வயது. இட்லிக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அடுப்படியிலேயே இருந்து இருந்து இழுப்பு. அதற்கு டெரிஃபிலின் மாத்திரை, வேளை தவறாமல்.

முதல் நாள் சாயங்காலம் வார்டில் போய்ப் பார்த்தேன். "இழுப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். பல்லைப் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தேன். வந்துவிட்டேன். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற ஹாலோத்தேன்தான் நல்லது என்பது அன்றைய பாடம். அதில் தப்பில்லை.

மறுநாள் காலை ஆபரேஷன் ஆரம்பித்து இருபது நிமிஷம். என் விரல் எப்போதும் போல நோயாளியின் மணிக்கட்டில் நாடியின் மேல் இருக்கிறது. அந்தக் காலத்தில் எங்களுக்கு விரல்தான் முதல் மெஷின். திடீரென்று விரலுக்கடியில் ஒரு துடிப்பு தவறியது. இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி. மறுபடி இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி. மானிட்டரின் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். அகலமான, கோணலான அலைகள் நடுவில் நுழைந்துகொண்டிருந்தன. ஹாலோத்தேனை மூடினேன். முழு ஆக்ஸிஜன் கொடுத்துக் கையால் பையை அழுத்த ஆரம்பித்தேன். அதற்குள் கோணல் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமெடுத்தன. விரலுக்கு நாடி கிடைக்கவில்லை.

சர்ஜன் கத்தியை வைத்துவிட்டு நெஞ்சை அழுத்தினார். சிஸ்டர் லிக்னோகெயின் ஊசியை நிரப்பிக் கொடுத்தார். எத்தனை விநாடி என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் இல்லை. நாடி திரும்பி வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒழுங்காக. வாயுவை மாற்றி, மீதி வேலையைச் சீக்கிரம் முடித்தோம். மத்தியானம் அவர் கண் விழித்து, "கடையில யாரு இருக்கா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். அவர் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, இழுப்பு மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிட்டாரா?" என்றேன். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். சிமெட்டிடின். "நெஞ்செரிச்சல்னு எட்டு நாளா இதைப் போடறாருங்க. மருந்துக் கடையில கேட்டு வாங்கினது. இது வெறும் வயித்து மாத்திரைதானே சார்? நீங்க இழுப்புக்கு என்ன மாத்திரைன்னுதானே கேட்டீங்க?"

அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் கேட்டது அதைத்தான்.

நடந்ததைப் புரிய வைக்கிறேன். டெரிஃபிலினில் தியோஃபிலின் இருக்கிறது. இது அதிகமானால் இதயத்தைப் படபடக்க வைக்கும், நெஞ்செரிச்சலும் குமட்டலும் கொடுக்கும். இதற்கும் அதிகமானதற்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். தியோஃபிலினை வெளியேற்றுவது கல்லீரல் கவுண்டர். சிமெட்டிடின் அங்கே போய்க் கையைப் பிடித்துக்கொண்டால் தியோஃபிலின் வெளியேறும் வேகம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். தியோஃபிலின் ரத்தத்தில் ஏறும். ஏறினால் வயிறு இன்னும் எரியும். எரிந்தால் இன்னொரு சிமெட்டிடின். இப்படி எட்டு நாள் சுற்றியிருக்கிறது. தியோஃபிலின் ஏறினால் உடம்பில் அட்ரினலின் வகைச் சுரப்பும் ஏறும். ஹாலோத்தேனுக்கோ அட்ரினலினோடு ஆகாது. ஹாலோத்தேன் உள்ளே இருக்கும்போது சாதாரண அளவு அட்ரினலினுக்கே இதயம் தாறுமாறாகத் துடிக்கும். மூன்று பேரும் ஒரே அறையில் சந்தித்துவிட்டார்கள்.

அதுதான் காரணம் என்று நான் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ரத்தத்தில் தியோஃபிலின் அளவைப் பார்க்கும் வசதி அங்கே அப்போது கிடையாது. ஆனால் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தபோது ஒவ்வொரு படியும் அதில் இருந்தது. இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அன்று உயிரைக் காப்பாற்றிய லிக்னோகெயினையும் வெளியேற்றுவது அதே கல்லீரல்தான். சிமெட்டிடின் இருந்தால் அதுவும் தேங்கும். ஒரு ஊசியோடு நிறுத்தினோம், பிழைத்தோம். டிரிப்பில் ஏற்றிக்கொண்டே இருந்திருந்தால் வேறொரு ஆபத்து காத்திருந்தது.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் சொல்லுங்க. கடையில வாங்கினது, பக்கத்து வீட்ல குடுத்தது, எதுவானாலும்."

இன்றைக்கு இது எதற்கு?

ஹாலோத்தேன் பெரும்பாலான இடங்களில் போய்விட்டது. சிமெட்டிடினும் அரிதாகிவிட்டது. ஐசோஃபுளூரேனும் சீவோஃபுளூரேனும் அட்ரினலினைக் கண்டு அவ்வளவு கோபப்படுவதில்லை. சிமெட்டிடினுக்குப் பின் வந்த ரானிட்டிடின், ஃபாமோட்டிடின் ஆகியவற்றில் அந்த இமிடசோல் வளையம் இல்லை. ஆகவே கல்லீரலில் அதே அளவு தகராறு இல்லை. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, வேஷம் மாறியிருக்கிறது.

ஒன்று, ஊசி. ரானிட்டிடின் ஊசியைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு வேகமாகப் போட்டுவிடுவார்கள். வேகமாகப் போட்டால் சிலருக்கு நாடித் துடிப்பு விழுந்துவிடும். நீர்த்து, சில நிமிஷங்களில் மெதுவாகப் போடவேண்டிய மருந்து அது. மயக்க மருந்தே ரத்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது வேண்டாத சுமை. அந்த மருந்தில் என்.டி.எம்.ஏ. என்ற அசுத்தம் சேர்வதாகத் தெரிந்து 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 2022-இல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. வீட்டு அலமாரியில் பழைய அட்டை இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

இரண்டு, தூக்க மாத்திரை. ஆபரேஷனுக்கு முதல் நாள் பதற்றம் தணியக் கொடுக்கும் டயசிபாமை சிமெட்டிடின் மட்டுமல்ல, 1988-இல் வந்த ஒமிப்ரசோலும் மெதுவாகத்தான் வெளியே விடும். ஆபரேஷன் முடிந்து நேரமாகியும் நோயாளி கண்ணைத் திறக்கவில்லை என்றால் உறவினர்கள், "கேஸை அதிகமா குடுத்துட்டாங்க" என்பார்கள். கேஸ் எப்போதோ மூச்சில் போயிருக்கும். தங்கியிருப்பது முதல் நாள் மாத்திரையாக இருக்கலாம்.

மூன்று, இதுதான் நேற்று ராத்திரி நான் அதிகம் பார்த்தது. பேண்டோபிரசோலோடு டாம்பெரிடோன் சேர்ந்த காப்ஸ்யூல். பேண்டோபிரசோல் பரவாயில்லை, சாதுவான மருந்து. கூட வரும் டாம்பெரிடோன் அப்படியில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. ஈ.சி.ஜி.யில் இதைக் கியூ.டி. இடைவெளி என்போம். டாம்பெரிடோன் அந்த நேரத்தை நீட்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதால் 2014-இல் ஐரோப்பாவில் இதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். சீவோஃபுளூரேனும் அந்த இடைவெளியை நீட்டும். ஆபரேஷன் முடியும்போது வாந்தி வராமல் இருக்க நாங்கள் போடும் ஆன்டான்செட்ரானும் நீட்டும். தனித்தனியாகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது, அதுவும் இதயக் கோளாறு உள்ளவர் என்றால், முன்கூட்டியே தெரிந்தால் நாங்கள் மருந்தை மாற்றிக்கொள்வோம். தெரியாவிட்டால் எப்படி மாற்றுவது?

நான்கு, மெக்னீசியம். அமிலம் சுரக்கும் பம்பையே அடைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்துவிடும். 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மெக்னீசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடம் மாற இடமுண்டு. நீர் பிரியும் மாத்திரையும் கூடவே சாப்பிடுகிறவருக்கு இன்னும் எளிது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் சமாச்சாரம். ஆனால், "ஐந்து வருஷமா சாப்பிடறேன்" என்று சொன்னால்தான் அந்தப் பரிசோதனையை யாராவது எழுதுவார்கள்.

ஐந்து, பாட்டில் மருந்து. வெள்ளையாகவோ ரோஸ் நிறமாகவோ இருக்கும் ஜெல் மருந்தில் நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. வயிற்றுக்கு அது இதம். ஆனால் அது நுரையீரலுக்குள் போய்விட்டால் துகள்களே புண்ணாக்கும். 1970-களின் கடைசியில் நாய்களில் செய்த சோதனைகளில் இது தெரிந்தது. அதனால்தான் அவசர ஆபரேஷனில் நாங்கள் துகள் இல்லாத, தெளிந்த சோடியம் சிட்ரேட் திரவத்தைக் கொடுக்கிறோம். ஆபரேஷன் காலையில் எரிகிறதே என்று ரகசியமாக ஒரு மூடி ஜெல் குடிக்காதீர்கள்.

நான் உங்களிடம் கேட்பது

பயமுறுத்தாதே என்றார் செயலாளர். பயப்பட எதுவும் இல்லை. இன்றைய மயக்க மருந்து நம் காலத்தில் இருந்ததைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. விரலுக்குப் பதில் எத்தனையோ மெஷின்கள். ஆனால் எந்த மெஷினும் உங்கள் சட்டைப் பைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே நான்கு வேண்டுகோள். முதலாவது, ஆபரேஷன் என்று தேதி குறித்துவிட்டால் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மயக்க டாக்டர் முன்னால் கொட்டுங்கள். பெயர் தெரிய வேண்டாம். அட்டை போதும். சித்த மருந்து, லேகியம், கஷாயம் எதுவானாலும் சேர்த்துக் கொட்டுங்கள்.

இரண்டாவது, நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பம்பை அடைக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். அது ஆபரேஷன் மேஜையில் எங்களுக்குத்தான் தலைவலி. பெரும்பாலும் அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு அதைச் சாப்பிடச் சொல்வோம். சொல்ல வேண்டியவர் டாக்டர்.

மூன்றாவது, நீங்களாகப் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பந்தியில் நண்பன் கொடுத்தாலும் சரி. தேதி நெருங்கும்போது புதிதாக நெஞ்செரிச்சல் வந்தால் அது வேறொரு மருந்து அதிகமானதன் அறிகுறியாக இருக்கலாம், இதயத்தின் வலியாகக்கூட இருக்கலாம். இட்லிக் கடைப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவரை மயக்குவதற்குத் தனி முறை உண்டு. 1961-இல் பிரையன் செல்லிக் என்ற ஆங்கிலேயர் கழுத்தில் ஒரு குருத்தெலும்பு வளையத்தை விரலால் அழுத்தி உணவுக்குழாயை மூடும் உத்தியைச் சொன்னார். இன்னும் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. தெரிந்தால் தயாராக இருப்போம்.

முடிக்கிறேன். அந்தப் பெரியவர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அந்த ஊரில் நான் இருந்த வரை அவர் கடையில் என்னிடம் காசு வாங்கியதில்லை. ஒரு நாள் காலை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் வந்து, நாளைக்குத் தன் தம்பிக்கு ஆபரேஷன் என்று சொன்னான். பெரியவர் இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவனிடம் சொன்னார்: "தம்பியை அந்த வயித்து மாத்திரையை மறைக்காமச் சொல்லச் சொல்லு. டாக்டரு கேக்க மறந்தாலும் நாமதான் சொல்லணும்." நான் தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி மாத்திரை கடன் வாங்கிய நண்பரும், முழங்கால் நண்பரும், பித்தப்பை நண்பரும் மதியச் சாப்பாட்டுக்கு முன் என்னை வந்து பார்க்கவும். அட்டையோடு வரவும். லாக் டேபிள் வேண்டாம்.

அடுத்த சந்திப்பிலும் நாம் எல்லோரும் இதே பந்தியில் உட்கார வேண்டும்.